இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்குவோருக்கு: எதை, எந்த அச்சில், என்ன விலைக்கு வாங்குவது

அறுபதுகளில் ஸ்காட்லாந்தில் தோன்றிய நாட்டார் இசைக் குழு இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட். அதன் ‘த ஹேங்மேன்ஸ் பியூட்டிஃபுல் டாட்டர்’ என்ற ஒரே ஆல்பத்தை நான் மூன்று முறை வாங்கியிருக்கிறேன். முதல் பிரதி அமெரிக்க அச்சு, அதாவது அமெரிக்காவில் அச்சடித்த பதிப்பு. அது தெரியாமல் பிரிட்டிஷ் முதல் அச்சுக்குரிய விலையைக் கொடுத்தேன். இரண்டாவது சரியான அச்சுதான், ஆனால் பாட்டு மெல்லியதாகும் இடங்களிலெல்லாம் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல் இரைந்தது. மூன்றாவது பிரதி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. மூன்றுக்கும் தபால் செலவுக்கும் சேர்த்து ஏறக்குறைய 190 பவுண்டு போயிற்று. முறையாகத் தேடியிருந்தால் 70 பவுண்டில் முடிந்திருக்கும். அந்த 120 பவுண்டை நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் கிளாஸ்கோவில் வசிப்பதால் கீழே சொல்லப்படும் செலவுகளும் சட்டங்களும் பிரிட்டனில் இருந்து வாங்குவோருக்கானவை.

1. வாங்குவதற்கு முன் ஒரு மாதம் கேளுங்கள்

இந்தக் குழுவைப் பிடிக்காதவர்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் பாட்டில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்கள். குழுவின் இரு முதன்மைப் பாடகர்களில் ராபின் வில்லியம்சனின் குரல் ஒரு சுரத்தில் நிற்காமல் வழுக்கி ஏறி இறங்கும். மைக் ஹெரனின் குரலோ பயிற்சி பெறாத ஒருவர் வீட்டில் பாடுவதைப் போல இருக்கும். பாட்டு எடுத்த மெட்டிலேயே முடியாது. பாதி வழியில் வேறொரு பாட்டாகிவிடும். சிதார், ஊத், மொராக்கோவிலிருந்து வந்த கிம்ப்ரி என்ற நரம்பு வாத்தியம், விசில், ஹார்மோனியம் எல்லாம் வந்து போகும். கமகத்துக்குப் பழகிய காது என்பதால் எனக்கு இது எளிதாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். உண்மையில் அதுவே தடையாயிற்று: நம் காது சுருதி சேரும் இடத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும், இவர்கள் அந்த இடத்தைக் கவலையின்றிக் கடந்து போவார்கள்.

ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன், இணையத்தில் ஸ்ட்ரீமிங்கில் கேட்கக் கிடைக்கும் பதிவுகளை ஒரு மாதம் கேளுங்கள். கேட்கும் வரிசை முக்கியம். 1967-இல் வந்த ‘த 5000 ஸ்பிரிட்ஸ் ஆர் த லேயர்ஸ் ஆஃப் த ஆனியன்’ ஆல்பத்தில் தொடங்குங்கள், அதில் பாட்டுகள் குறுகியவை, மெட்டுகள் கையில் பிடிபடும். அடுத்தது 1968 மார்ச்சில் வந்த ‘ஹேங்மேன்ஸ்’. அதிலுள்ள ‘எ வெரி செல்லுலார் சாங்’ பதின்மூன்று நிமிடப் பாட்டு. பஹாமாஸ் தீவின் பக்திப் பாடல் ஒன்றில் இருந்து ஒற்றைச் செல் உயிரியின் தன்வரலாறு வரை போகும். அந்தப் பாட்டை மூன்றாம் முறை கேட்கும்போது உங்களுக்குச் சிரிப்பும் வராமல் எரிச்சலும் வராமல் ஏதோ ஒன்று பிடித்தால், நீங்கள் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர். பிடிக்கவில்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள். சேகரிப்பாளர்கள் புகழ்கிறார்களே என்பதற்காக வாங்கி அடுக்கியவர்கள், விற்கும்போது தளக் கட்டணமும் தபால் செலவும் போக நட்டத்தில்தான் வெளியேறுகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு ‘சேஞ்சிங் ஹார்ஸஸ்’ ஆல்பத்தில் தொடங்குவது. அது மலிவாகக் கிடைப்பதால் பலரும் அதையே முதலில் எடுக்கிறார்கள். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மிக நீண்ட பாட்டு இருக்கிறது. பழகாத காதுக்கு அது ஒரு தண்டனை.

2. எந்த ஆல்பங்கள், எந்த வரிசையில்

முதற்கட்டமாக மூன்று போதும்: ‘5000 ஸ்பிரிட்ஸ்’, ‘ஹேங்மேன்ஸ்’, 1968 நவம்பரில் இரட்டைத் தட்டாக வந்த ‘வீ டாம் அண்ட் த பிக் ஹ்யூஜ்’. மூன்றையும் தயாரித்தவர் ஜோ பாய்ட். ஒலிப்பதிவு செய்தவர் லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தின் ஜான் வுட். மரத்தின் மேல் விரல் படுவது வரை கேட்கும் அந்தப் பதிவுக்காகத்தான் பழைய தட்டைத் தேட வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ‘ஹேங்மேன்ஸ்’ அரிய தட்டு அல்ல. அது பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது, ஆகவே நிறையவே அச்சடிக்கப்பட்டது. அரிதாக இருப்பது கெடாத பிரதி. அக்காலத்தில் இதை வாங்கியவர்களில் பலர் இளைஞர்கள். கனத்த ஊசி பொருத்திய மலிவான பெட்டிகளில், நண்பர் கூட்டத்துக்கு நடுவே, தட்டைத் தரையில் வைத்து எடுத்து நூறு முறை ஓட்டியிருக்கிறார்கள். “அரிய தட்டு” என்று விற்பவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கென்று ஒரு பவுண்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கடந்த இரண்டரை ஆண்டுகளில் நான் கொடுத்த விலைகள் இவை. சந்தை மாறும் என்பதால் ஓர் அளவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹேங்மேன்ஸ்’ பிரிட்டிஷ் முதல் அச்சு, நல்ல நிலையில், 62 பவுண்டு. ‘5000 ஸ்பிரிட்ஸ்’ மோனோ (ஒற்றைச் சேனல் ஒலி) முதல் அச்சு 75 பவுண்டு. ‘வீ டாம்’ இரட்டைத் தட்டு 48 பவுண்டு. 1970-க்குப் பிறகு ஐலண்ட் நிறுவனத்துக்காகச் செய்த ஆல்பங்கள் எதற்கும் நான் 20 பவுண்டுக்கு மேல் கொடுத்ததில்லை.

அந்த ஐலண்ட் ஆல்பங்களைப் பற்றிச் சேகரிப்பாளர்களிடையே இன்னொரு சண்டை உண்டு. 1968-இன் இறுதியில் குழுவினர் சயண்டாலஜி என்ற சர்ச்சைக்குரிய மத இயக்கத்தில் சேர்ந்தார்கள். அதன் பிறகு வந்த எதையும் தொட மாட்டேன் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. 1971-இல் வந்த ‘லிக்விட் அக்ரோபாட் ஆஸ் ரிகார்ட்ஸ் தி ஏர்’ கொடுத்த காசுக்கு மேல் தரும் தட்டு. ஆனால் 1973-இன் ‘நோ ரூயினஸ் ஃபியூட்’ ஆல்பத்தை வரிசை நிறைய வேண்டும் என்பதற்காக வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

3. அச்சை அடையாளம் காணுதல்

விற்பவர் “ஒரிஜினல்” என்று எழுதியிருந்தால், அது எந்த நாட்டின், எந்த ஆண்டின் ஒரிஜினல் என்று கேளுங்கள். மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்.

முதலாவது, தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளான லேபிளின் நிறம். அறுபதுகளில் இவர்களின் தட்டுகளை வெளியிட்ட எலெக்ட்ரா நிறுவனத்தின் 1967, 1968 பிரிட்டிஷ் அச்சுகளில் லேபிள் ஆரஞ்சு நிறம். அதே காலத்து அமெரிக்க அச்சுகளில் தங்கம் கலந்த பழுப்பு. 1969 வாக்கில் சிவப்பு லேபிள் வந்தது. 1971-இலிருந்து பட்டாம்பூச்சி வரைந்த லேபிள். ஆகவே பட்டாம்பூச்சி லேபிளுடன் ‘ஹேங்மேன்ஸ்’ உங்கள் கைக்கு வந்தால் அது மறு அச்சு. உறை எவ்வளவு பழசாகத் தோன்றினாலும் 1968-ஐச் சேர்ந்தது அல்ல. அதை வாங்கக் கூடாது என்பதில்லை. 15 பவுண்டுக்கு நல்ல நிலையில் கிடைத்தால் கேட்பதற்கு அதுவே போதும்.

இரண்டாவது வரிசை எண். ‘5000 ஸ்பிரிட்ஸ்’ பிரிட்டனில் மோனோவுக்கு இயுகே (EUK) 257 என்ற எண்ணைக் கொண்டது. ‘ஹேங்மேன்ஸ்’ இயுகே 258. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ‘எஸ்’ சேர்ந்து இயுகேஎஸ் (EUKS) என்றிருந்தால் ஸ்டீரியோ. அமெரிக்காவில் முறையே இகேஎஸ் (EKS) 74010, இகேஎஸ் 74021. எண் ‘கே’ (K) என்ற எழுத்தில் தொடங்கி ஐந்து இலக்கங்கள் வந்தால் எழுபதுகளின் பிரிட்டிஷ் மறு அச்சு. நான் முதல் பிரதியில் ஏமாந்தது இந்த இடத்தில்தான். படத்தில் லேபிள் மங்கலாக இருந்தது. எண் 74021 என்பது விளம்பரத்திலேயே எழுதியிருந்தது. அது எதைக் குறிக்கிறது என்று எனக்குத்தான் தெரியவில்லை. விற்பவர் பொய் சொல்லவில்லை, எனவே பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முகாந்திரம் இல்லை.

‘வீ டாம்’ ஆல்பத்தில் இதற்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. பிரிட்டனில் அதை இரட்டைத் தட்டாகத் தேடுங்கள். அமெரிக்காவில் ‘வீ டாம்’ 74036, ‘த பிக் ஹ்யூஜ்’ 74037 என இரண்டு தனித்தனி ஆல்பங்களாக வந்தது. தனியாக விற்கப்படும் ஒன்றை முழுமை என்று நினைத்து வாங்குவோரும் உண்டு, பாதி தொலைந்துவிட்டது என்று நினைத்து நல்ல பிரதியைத் தவறவிடுவோரும் உண்டு.

மூன்றாவது, லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வட்டத்தில் கீறியோ பொறித்தோ இருக்கும் எண். லேபிளையும் உறையையும் மாற்றிப் போடலாம், இதை மாற்ற முடியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து இரண்டு பக்கத்தின் எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை, இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து விற்பனைக்கும் இடம் தரும் டிஸ்காக்ஸ் தளத்தின் பதிவோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். உறையோடு தாள் ஏதும் வந்திருக்க வேண்டுமா என்பதும் அந்தப் பதிவில் இருக்கும்; இருக்க வேண்டியது இல்லாவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். பத்து நிமிட வேலை. படம் எடுத்து அனுப்பச் சலிக்கும் ஆளிடம் 50 பவுண்டுக்கு மேல் எதையும் வாங்காதீர்கள்.

4. நிலையைக் கணித்தல்: இந்தக் குழுவுக்கு மட்டும் ஒரு படி மேலே

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பழைய தட்டுகளின் நிலையை மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, குட் என்று இறங்குவரிசையில் குறிப்பார்கள். விஜி என்பதன் விரிவு ‘மிக நன்று’ என்றாலும் சந்தையில் அதன் பொருள் ‘நன்றாகவே தேய்ந்தது’. ‘குட்’ என்றால் சுவரில் மாட்டலாம். டிரம்ஸும் மின்கிட்டாரும் இடைவிடாமல் ஒலிக்கும் ராக் தட்டு விஜி நிலையில் இருந்தாலும் கேட்டுவிடலாம், இசை இரைச்சலை மூடிவிடும். இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் அறுபதுகளின் தட்டுகளில் அப்படி மூடுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கிட்டார், ஒரு குரல், பின்னால் நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஒவ்வொரு கீறலும் தனியாகக் கேட்கும். ஆகவே மற்ற தட்டுகளுக்கு நீங்கள் ஏற்றுக்கொள்ளும் நிலையைவிட ஒரு படி மேலே கேளுங்கள். விஜி பிளஸுக்குக் கீழே இறங்க வேண்டாம். தேய்ந்த முதல் அச்சையும் கெடாத மறு அச்சையும் பக்கத்தில் வைத்தால் நான் மறு அச்சையே எடுப்பேன். இதைச் சொல்லிச் சில நட்புகளையும் சோதித்திருக்கிறேன்.

கண்ணால் பார்த்துக் கணித்ததா, ஓட்டிக் கேட்டுக் கணித்ததா என்று கேட்பது கட்டாயம். என் இரண்டாவது ‘ஹேங்மேன்ஸ்’ பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. கனத்த ஊசியால் தடத்தின் சுவர் தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, குரல் உயரும் இடத்தில் கிழிந்தாற்போல ஒலிக்கும்போதுதான் தெரியும். இரண்டு இடங்களைக் குறிப்பாக ஓட்டிக் கேட்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டு, ‘எ வெரி செல்லுலார் சாங்’ பாட்டின் அமைதியான பகுதிகள். ஊசி லேபிளை நெருங்கும்போது சிதைவு கூடுவது எல்லாத் தட்டுக்கும் இயல்பு. தேய்ந்த தட்டில் அது பொறுக்க முடியாத அளவுக்குப் போகும்.

இதற்கு நேர்மாறான பொறி ஒன்றிலும் நான் விழுந்தேன். ‘5000 ஸ்பிரிட்ஸ்’ வந்த அன்று மாலை தட்டை வைத்தேன். முதல் பாட்டான ‘சைனீஸ் ஒயிட்’ தொடங்கியதும் கிட்டாருக்குப் பின்னால் மரத்தை ரம்பம் அறுப்பது போன்ற ஒரு கரகரப்பு. தட்டு கெட்டுவிட்டது என்று ஊசியைத் தூக்கினேன், துடைத்தேன், மறுபடி வைத்தேன், அதே இடத்தில் அதே கரகரப்பு. விற்றவருக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதினேன். அவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: அது வில்லியம்சன் கிம்ப்ரியை வில்லால் இழுக்கும் சத்தம். இணையத்தில் போட்டுப் பார்த்தேன், அங்கும் அதே ரம்பம். மன்னிப்புக் கடிதம் எழுதுவதற்கு அதிக நேரம் பிடித்தது. சந்தேகம் வரும் இடத்தையெல்லாம் முதலில் மின்னணுப் பதிவோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு புகார் எழுதுங்கள்.

மோனோ தட்டு வாங்குபவர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தினால் இரைச்சலில் கணிசமான பகுதி மறைந்துவிடும். கேட்கவே முடியாது என்று நான் ஒதுக்கிய தட்டு ஒன்று அப்படித்தான் பிழைத்தது.

5. எங்கே வாங்குவது, எந்தச் சான்றுகளை வைத்திருப்பது

கடையில் வாங்குவதே நல்லது. ஓட்டிக் கேட்க விடுவார்கள், தபால் செலவும் இல்லை. தொண்டு நிறுவனக் கடைகளில் 5 பவுண்டுக்குப் பொக்கிஷம் கிடைக்கும் என்ற பேச்சை நம்பி வாரக்கடைசிகளை வீணாக்காதீர்கள், இப்போது அவர்களும் விலை பார்த்துத்தான் ஒட்டுகிறார்கள். இசைத்தட்டுச் சந்தைகளில் மாலை கடை கட்டும் நேரத்தில் பேரம் படியும்.

இணையத்தில் வாங்கும்போது விற்பவர் வியாபாரியா தனிநபரா என்று முதலில் பாருங்கள், உங்கள் உரிமை அதைப் பொறுத்தது. வியாபாரியிடம் தொலைவிலிருந்து வாங்கினால், தட்டு கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். சொன்ன நிலைக்கு மாறாக இருந்தால் 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்த 14 நாள் உரிமை கிடையாது, அவர் எழுதிய விவரணைக்கு மாறாக இருப்பதை மட்டுமே வாதாட முடியும். அதனால்தான் விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, லேபிளின் படம், வெற்று வட்ட எண்ணின் படம், நிலையைப் பற்றிய கேள்வி பதில், பணம் செலுத்திய ரசீது ஆகிய ஐந்தையும் வாங்கும் அன்றே ஒரு கோப்பில் சேமித்துவிட வேண்டும். விற்று முடிந்தபின் விளம்பரம் மறைந்துபோகலாம்.

பேபால் வழியாகக் கொடுக்கும்போது “நண்பர்கள், குடும்பத்தினர்” என்ற வகையில் அனுப்பச் சொல்லி 3 பவுண்டு குறைப்பதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வகைக்கு வாங்குவோர் பாதுகாப்பு இல்லை. பொருளுக்கான வகையில் அனுப்பினால் 180 நாட்கள் வரை புகார் எழுப்பலாம்.

அச்சில் வரும் விலைக் கையேடுகளைப் பார்ப்பவர்கள், அவற்றில் இருப்பது பழுதே இல்லாத பிரதிக்கான விலை என்பதை மறக்கக் கூடாது. விற்பவர்கள் அந்த எண்ணைக் காட்டி விஜி பிரதியை நீட்டுவார்கள். டிஸ்காக்ஸில் உண்மையில் விற்ற விலைகளின் நடுமதிப்பு இருக்கிறது. அதை வைத்துப் பேசுங்கள்.

6. தபால், வரி, காலம்

தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு தனியாக, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் தட்டு அசைந்து உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். 12 அங்குலத் தட்டு பிரிட்டிஷ் தபால் நிறுவனமான ராயல் மெயிலின் ‘பெரிய கடிதம்’ அளவில் அடங்காது, சிறு பார்சலாகத்தான் போகும். 60 பவுண்டுக்கு மேற்பட்ட தட்டுக்கு இழப்பீடு உள்ள சேவையைக் கேளுங்கள். ஸ்பெஷல் டெலிவரியில் 750 பவுண்டு வரை இழப்பீடு உண்டு.

அமெரிக்காவிலிருந்து வரவழைப்பது பார்வைக்கு மலிவு. கணக்குப் போட்டால் வேறு. என் 25 பவுண்டுத் தட்டுக்குத் தபால் 22 பவுண்டு. இரண்டுக்கும் சேர்த்து 20 சதவீத வாட் வரி. ஆகமொத்தம் 56 பவுண்டு 40 பென்ஸ். பொருளின் மதிப்பு 135 பவுண்டுக்குள் இருந்தால் சந்தைத் தளமே வரியை வாங்கும்போது வசூலித்துவிடும். அதற்கு மேல் போனால் எல்லையில் வரி விழும், கொண்டுவரும் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கும். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். எனக்கு ஒருமுறை வரி இருமுறை விழுந்தது. தளத்தில் செலுத்திய ரசீது கையில் இருந்ததால் திரும்பக் கிடைத்தது, ஏழு வாரம் கழித்து.

இந்தியாவுக்குக் கூரியரில் வரவழைப்போர் பெறுபவரின் அடையாள ஆவணத்தை முன்கூட்டியே பதிவேற்றிவிடுங்கள். அது இல்லாமல் பொதி சுங்கத்திலேயே காத்திருக்கும், வெயில் காலத்தில் கிடங்கில் கிடந்து தட்டு வளைந்து போகும்.

முதல் மூன்று ஆல்பங்களையும் நல்ல நிலையில் சேர்க்க ஓர் ஆண்டு ஒதுக்குங்கள். டிஸ்காக்ஸின் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டால் புதிய விளம்பரம் வரும்போது மின்னஞ்சல் வரும். நான் ஏமாந்த இரண்டு முறையும் நள்ளிரவுக்கு மேல், இன்னொருவர் எடுத்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் பொத்தானை அழுத்தியவை.

7. தட்டு வந்தபின்

பொதியைப் பிரிக்கும்போதே கைபேசியில் காணொளி எடுங்கள். குளிர்காலமாக இருந்தால் தட்டை அறையின் சூட்டுக்கு வரவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஓட்டுங்கள். அதற்கு முன் கழுவ வேண்டும்: வடித்த நீர், மென்மையான தூரிகை, லேபிள் நனையாத கவனம், அவ்வளவுதான். கழுவாமல் கேட்டுவிட்டுப் புகார் எழுதாதீர்கள், ஐம்பது ஆண்டுத் தூசிக்கும் கீறலுக்கும் ஒலி ஒன்றுபோலவே இருக்கும்.

பழைய தாள் உள்ளுறையை வீசிவிடாமல் உறைக்குள் தனியே வைத்து, தட்டைப் புதிய உள்ளுறையில் இடுங்கள். வெளியுறைக்கு பிவிசி வேண்டாம், அது நாளடைவில் தட்டின் மேல் புகை படிந்தாற்போன்ற திரையை உண்டாக்கும். நிமிர்த்தி அடுக்குங்கள். பிறகு இரண்டு பக்கத்தையும் முழுவதும் கேட்டு, வாங்கிய தேதியின் கீழ் குறிப்பெழுதுங்கள். 14 நாள் கணக்கு தட்டு வீட்டுக்கு வந்த மறுநாளே ஓடத் தொடங்கிவிடுகிறது.